பாடம் முடிந்த பிறகுதான் பயிற்சி தொடங்குகிறது

நன்றாகப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம், "இன்று வகுப்பு இவ்வளவு நன்றாகப் போனதே, எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "எப்போதும் போலத்தான் நடத்தினேன்" என்பார். தன்னடக்கம் போலத் தோன்றும், ஆனால் அவர் சொல்வது உண்மை. பின்வரிசையில் ஒரு பையன் பென்சிலை உருட்டத் தொடங்கியதும் பேச்சை நிறுத்தாமலே அவன் பக்கமாக நகர்ந்து நிற்பார். தயங்கித் தயங்கிப் பேசும் பிள்ளைக்கு எளிய கேள்வியை முதலிலேயே கொடுத்துவிடுவார். கரும்பலகையின் இடது ஓரத்தில் எழுதியதைக் கடைசிவரை அழிக்காமல் வைத்திருப்பார். இதில் எதையும் அவர் அந்த நேரத்தில் யோசித்துச் செய்வதில்லை. வருடக்கணக்கில் பழகிப் பழகித் தானாக வருவது.

ஆசிரியராகப் பயில்வதற்காகப் பள்ளிக்கு வந்திருக்கும் பயிற்சி ஆசிரியருக்கோ, தானாக வரும் அந்த அறிவுதான் வேண்டும். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து வகுப்பு முழுவதையும் பார்க்கிறார். "ஆசிரியர் சிறப்பாகக் கற்பித்தார், மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தார்கள்" என்று குறிப்பேட்டில் எழுதுகிறார். அந்த வரியால் யாருக்கும் பயன் இல்லை.

பல ஆண்டுகள் கணித ஆசிரியராக இருந்து, பயிற்சி ஆசிரியர்களுக்கு வழிகாட்டியாக வேலை பார்த்து, பிற்பாடு பள்ளிக்கும் பல்கலைக்கழகக் கல்வியியல் துறைக்கும் நடுவே ஒருங்கிணைப்பாளராகவும் இருந்தேன். பள்ளியும் பல்கலைக்கழகமும் கைகோத்து ஆசிரியரை உருவாக்குவது என்பதில் ஒப்பந்தம், சான்றிதழ், வருகைப் பதிவு என்று எத்தனையோ உண்டு. ஆனால் அதன் மையமான வேலை ஒன்றுதான் என்பது என் உறுதியான எண்ணம். அனுபவமுள்ள ஆசிரியருக்குள் பேசப்படாமல் கிடக்கும் அறிவைப் பேச வைக்க வேண்டும். பேச வைத்ததை, பயிற்சி ஆசிரியர் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் வகுப்பில் சோதித்துப் பார்க்க இடம் கொடுக்க வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இந்த வேலைக்குத் துணை நிற்கின்றனவா என்பதுதான் கேள்வி.

பெரும்பாலான இடங்களில் வழக்கமாக நடப்பது இதுதான். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். தலைமையாசிரியர் ஆளுக்கொரு வகுப்பு என்று பிரித்துக் கொடுப்பார். முதல் நாளே யாராவது ஓர் ஆசிரியர் விடுப்பில் இருப்பார். "அந்த வகுப்பில் போய்க் கொஞ்சம் உட்காருங்கள்" என்று பயிற்சி ஆசிரியரை அனுப்பிவிடுவார்கள். அதுவே பழக்கமாகிவிடும். பேராசிரியர் எப்போதாவது வருவார், பின்னால் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார், பாடக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்புவார். கடைசி நாளில் குழுப் புகைப்படம். இப்படி முடிந்த பயிற்சிகளை நானே பார்த்திருக்கிறேன். நல்ல பிள்ளைகள், ஆர்வத்தோடு வந்தவர்கள், யாரும் தங்களோடு உட்கார்ந்து பேசாமலே திரும்பிப் போனார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

இதற்குத் தீர்வாகப் பல நாடுகளும் முதலில் எடுத்த வழி, பள்ளியில் இருக்கும் காலத்தை நீட்டுவது. இங்கிலாந்தில் 1992-ல் வந்த விதிப்படி, உயர்நிலை வகுப்புகளுக்கான ஓராண்டுப் பயிற்சியில் 36 வாரங்களில் 24 வாரங்கள் பள்ளியில் கழிய வேண்டும் என்றானது. இந்தியாவில் 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கி, பள்ளி அனுபவத்துக்கு 20 வாரங்களை ஒதுக்கின. இவை தேவையான மாற்றங்கள், சந்தேகமே இல்லை. சில வாரங்களில் ஒரு வகுப்பின் பிள்ளைகளுடைய பெயர்கூட மனதில் பதியாது. ஆனால் கூடுதல் வாரங்களில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்காவிட்டால், விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பில் உட்காரும் நாட்கள்தான் கூடும்.

அமெரிக்காவில் ஷாரன் ஃபைமன்-நெம்சர், மார்கரெட் புக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-ல் ஒரு கட்டுரையில் பயிற்சி அனுபவத்தில் உள்ள மூன்று குழிகளைக் காட்டினார்கள். முதலாவது, பள்ளி ஏற்கெனவே பழகிய இடம் என்பதால் எல்லாம் புரிந்துவிட்டது போன்ற மயக்கம். இரண்டாவது, பல்கலைக்கழகம் ஓர் உலகம், பள்ளி இன்னோர் உலகம் என்று இரண்டும் தனித்தனியாக நிற்பது. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை: வகுப்பறை என்பது பிள்ளைகள் கற்பதற்காக அமைந்த இடம், ஆசிரியர்கள் கற்பதற்காக அமைந்தது கிடையாது. ஆகவே அங்கே ஆசிரியர் கற்க வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த மூன்றையும் பற்றிப் படித்த பிறகு என் பள்ளியில் நடப்பதை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

முதல் குழியை எடுத்துக்கொள்வோம். சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-ல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. பள்ளிப் படிப்பை முடிக்கும்போது ஒரு மாணவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். வேறு எந்தத் தொழிலுக்கும் இவ்வளவு நீண்ட முன்பார்வை கிடையாது. ஆனால் அந்தப் பார்வை மாணவர் இருக்கையிலிருந்து பார்த்தது. ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்டது தெரியும், ஏன் அந்தக் கேள்வி, எதை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தார் என்பது தெரியாது. எனவே பயிற்சிக்கு வருபவரைச் சும்மா "பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று உட்கார வைத்தால், அவர் மறுபடியும் மாணவராகவே பார்ப்பார்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, முதல் வாரத்தில் ஆசிரியரைப் பார்க்கவே வேண்டாம் என்பது. ஒரே ஒரு பிள்ளையைப் பாருங்கள் என்போம். இந்தப் பாடவேளையில் அவள் எத்தனை முறை பேசினாள், எதைப் பார்த்து எழுதினாள், எப்போது எழுதுவதை நிறுத்தினாள், பக்கத்தில் உள்ளவளிடம் என்ன கேட்டாள். இரண்டாவது வாரம் வேறொன்று: ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கைக்கடிகாரத்தை வைத்துக் குறியுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் செய்த ஆய்வுகளில், ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுகூடக் காத்திருப்பதில்லை என்று தெரியவந்தது. அதை மூன்று வினாடியாக்கினால் பிள்ளைகளின் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் வாய் திறக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. புத்தகத்தில் படிக்கும்போது இது ஒரு தகவல். தன் கண் முன்னால் ஓர் ஆசிரியர் அரை வினாடியில் அடுத்த பிள்ளைக்குத் தாவுவதைக் குறித்து வைத்துக்கொண்ட பயிற்சி ஆசிரியர், தான் பாடம் எடுக்கும்போது நிற்கிறார். அந்த மூன்று வினாடி மிக நீளமாகத் தெரிகிறது என்று எல்லோருமே வந்து சொல்வார்கள். சொல்லட்டும். அந்த நீளத்தை உடம்பால் உணர்ந்தவர் பிறகு மறப்பதில்லை.

வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் இதில் சங்கடம் உண்டு. தன் வகுப்பில் ஒருவர் கடிகாரத்தோடு உட்கார்ந்தால் யாருக்குத்தான் கூசாது? அதனால் இந்தக் குறிப்புகள் தலைமையாசிரியரிடமோ பல்கலைக்கழகத்திடமோ போகாது, நம் இருவருக்கும் நடுவில்தான் இருக்கும் என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் கருதும் விஷயம்: பாடம் முடிந்த பிறகு நடக்கும் உரையாடல்.

ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகம் 1987-ல் அந்த வட்டாரப் பள்ளிகளோடு சேர்ந்து ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் முக்கியப் பங்கு வகித்த டொனால்ட் மெக்கின்டயர், ஹேஜல் ஹேகர் இருவரும் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது இதைத்தான்: அனுபவமுள்ள ஆசிரியரின் தொழிலறிவு அவருக்கே பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதது, சரியான கேள்விகள் கேட்டால்தான் வெளியே வரும். பயிற்சி ஆசிரியர் தன் காதில் விழும் எந்த யோசனையையும், அது பேராசிரியர் சொன்னதானாலும் சரி, வழிகாட்டி சொன்னதானாலும் சரி, சோதித்துப் பார்த்தே ஏற்க வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்தின் அடிப்படை. என் அனுபவத்தில் இது அப்படியே உண்மை.

சரியான கேள்வி எது? இதை நாங்கள் பேராசிரியரோடு உட்கார்ந்து, பல குழுக்களோடு முயன்று, மெல்ல மெல்லக் கண்டுகொண்டோம். அன்றே பேச வேண்டும். மறுநாள் என்றால் ஆசிரியருக்கே மறந்துவிடும். பொதுவாகக் கேட்கக் கூடாது. "ஒழுங்கை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?" என்று கேட்டால் பொதுவான அறிவுரைதான் பதிலாக வரும். இருவரும் பார்த்த ஒரு குறிப்பிட்ட கணத்தைப் பிடித்துக் கேட்க வேண்டும். சரியாகப் போனதைப் பற்றிக் கேட்க வேண்டும், ஏனென்றால் தவறைப் பற்றிக் கேட்டால் யாருமே விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்பதைவிட "அப்போது என்ன கவனித்தீர்கள்?" என்ற கேள்வி எத்தனையோ மடங்கு பயன் தருகிறது.

ஒரு முறை ஒரு பயிற்சி ஆசிரியர் என்னிடம் கேட்டார். "மேடம், அந்தப் பெண் தப்பான விடை சொன்னதும், 'வேறு யாராவது?' என்று மற்றவர்களிடம் போய்விட்டீர்கள். அப்புறம் கடைசியில் மறுபடியும் அவளிடமே வந்தீர்கள். அவளிடம் திரும்பி வருவது என்று அப்போதே முடிவு செய்திருந்தீர்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஆமாம், முடிவு செய்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும், அந்த இடத்திலேயே துருவினால் அவள் வாயை மூடிக்கொள்வாள் என்று தோன்றியது. வேறு இருவர் வெவ்வேறு வழியில் விளக்குவதைக் கேட்டால் அவளே தன் விடையைத் திருத்திக்கொள்வாள், அப்போது திரும்பி வந்தால் திருத்திய பெருமை அவளுடையதாக இருக்கும். இதையெல்லாம் அவருக்குச் சொல்லும்போதுதான் எனக்கே அது முதன்முறையாகச் சொற்களில் கிடைத்தது.

அன்று பல்கலைக்கழகப் பேராசிரியரும் கூட இருந்தார். அவர் இன்னொன்றைச் சேர்த்தார். "விடை தப்பாக இருக்கும்போது மட்டும் 'வேறு யாராவது?' என்று கேட்டால், அந்த இரண்டு சொல்லுக்குத் தப்பு என்றுதான் பொருள் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். சரியான விடைக்குப் பிறகும் அதைக் கேட்டுப் பார்த்தால் என்ன?" அடுத்த வாரம் பயிற்சி ஆசிரியர் அதைச் செய்தார். ஒரு பையன் சரியான விடையைச் சொன்னான், இவர் முகத்தை மாற்றாமல் "வேறு யாராவது?" என்றார். அந்தப் பையன் உடனே எழுந்து, "இல்லை இல்லை, தப்பு" என்று தன் சரியான விடையை மாற்றிவிட்டான். என் வகுப்பு, நான் பழக்கிய பிள்ளைகள். விடையை யோசிப்பதைவிட என் முகத்தையும் குரலையும் படிப்பதில் அவர்கள் எவ்வளவு தேர்ந்திருக்கிறார்கள் என்று அன்று தெரிந்தது. அதன் பிறகு மூவரும் சேர்ந்து, சரியோ தப்போ எந்த விடைக்கும் "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்பதைப் பழக்கமாக்கினோம். பிள்ளைகளுக்குப் பழக நாளானது, ஆனால் பழகிவிட்டது.

பள்ளி, பல்கலைக்கழகம் இரண்டும் சேர்வதால் என்ன கிடைக்கிறது என்று யாராவது கேட்டால் இந்த ஒரு நிகழ்வைத்தான் சொல்வேன். நான் செய்ததை நான் மட்டும் இருந்திருந்தால் கவனித்திருக்க மாட்டேன். பேராசிரியர் மட்டும் இருந்திருந்தால் அது ஒரு கோட்பாடாகவே நின்றிருக்கும். பயிற்சி ஆசிரியர் கேட்டார், சோதித்தார்.

இந்த உரையாடலுக்கு நேரம் எங்கிருந்து வரும்? எல்லாம் இங்கேதான் வந்து நிற்கிறது. மதிய இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம், பள்ளி விட்ட பிறகு பேசலாம் என்றால் நடக்காது. வழிகாட்டிக்கு விடைத்தாள் இருக்கும், பேருந்து இருக்கும், வீடு இருக்கும். கால அட்டவணையிலேயே வாரம் ஒரு பாடவேளையாவது வழிகாட்டியும் பயிற்சி ஆசிரியரும் பேசுவதற்கென்று அச்சிட்டு இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வழிகாட்டிக்கு மாற்று வகுப்பு கொடுக்கக் கூடாது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். தலைமையாசிரியர் இதற்குச் சம்மதிக்கிறார் என்றால் அந்தப் பள்ளியில் பயிற்சி நடக்கும். சம்மதிக்கவில்லை என்றால் வேறு பள்ளியைப் பார்ப்பது நல்லது. கடுமையாகத் தோன்றலாம், ஆனால் இதில் விட்டுக்கொடுத்த இடங்களில் எதுவும் நிலைத்ததாக எனக்கு நினைவில்லை.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதும் இப்படித்தான். பணி மூப்பு வரிசையில் கொடுப்பது எளிது. ஆனால் மிகச் சிறந்த ஆசிரியர்கள் சிலர் தங்கள் வேலையைப் பற்றிப் பேசவே விரும்புவதில்லை. இன்னும் சிலர் பேசுவார்கள், ஆனால் தன்னைப் போலவே ஒருவரை உருவாக்கப் பார்ப்பார்கள். ஒருவர் தன் வகுப்பைப் பற்றிப் பேசும்போது, "எனக்கு இது சரிவரவில்லை, வேறு என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன்" என்று இயல்பாகச் சொல்கிறாரா என்று பார்ப்பேன். அவர் பணியில் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுகளே ஆகியிருந்தாலும் நல்ல வழிகாட்டியாக இருப்பார். சமீபத்தில்தான் தடுமாறி மேலே வந்தவர் என்பதால் எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்றும் அவருக்கு நினைவிருக்கும்.

இரண்டு உலகம் என்ற குழியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பேராசிரியர் குழுச் செயல்பாடு வேண்டும் என்பார். வழிகாட்டி, "நாற்பது பேரை வைத்துக்கொண்டு அதெல்லாம் இங்கே நடக்காது" என்பார். நடுவில் மாட்டிக்கொள்ளும் இளைஞர் என்ன செய்வார்? இரண்டு பாடக் குறிப்பு எழுதுவார்: பேராசிரியர் வரும் நாளுக்கு ஒன்று, மற்ற நாளுக்கு ஒன்று. இதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. இரு பக்கமும் மதிப்பெண் போடுகிறவர்கள்.

இதைச் சரிசெய்ய அறிவுரை உதவாது. பாடத்துக்கு முன்பே மூவரும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். பேராசிரியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து முடிந்த பாடத்தை மதிப்பிடுவதைவிட, பாடத்தைத் திட்டமிடும் மேசையில் இருப்பது பல மடங்கு மேல். அங்கே வழிகாட்டி, "நாற்பது பேரில் குழு வைத்தால் எட்டு பேர்தான் வேலை செய்வார்கள்" என்று சொன்னால் அது தடையாக நிற்காது, தீர்க்க வேண்டிய கேள்வியாக மாறும். சரி, இரண்டிரண்டு பேராகப் பேசச் சொல்லலாமா? முதலில் ஆளுக்கொரு வரி எழுதச் சொல்லிவிட்டுப் பேச விடலாமா? பயிற்சி ஆசிரியர் ஒன்றைத் தேர்ந்து, இந்தப் பிரிவில் ஒருமுறை, அந்தப் பிரிவில் ஒருமுறை செய்து பார்ப்பார். முடிவு யாருக்குச் சாதகமாக வந்தாலும் மூவரும் கற்கிறார்கள்.

ஒப்படைப்புகளையும் மாற்றினோம். முன்பெல்லாம் "மாணவர்களின் கற்றல் ஆர்வம்" போன்ற தலைப்புகள் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். அவற்றைப் பள்ளிக்குள் வராமலே எழுதிவிடலாம். அதற்குப் பதிலாகப் பள்ளியின் பாடத் துறையே கேள்வியைக் கொடுக்கட்டும் என்று கேட்டோம். எங்கள் கணிதத் துறை கொடுத்த கேள்வி: படம் வரைந்தால் பின்னங்களைச் சரியாகக் கூட்டும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், எண்களாக எழுதியதும் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுவது ஏன்?

நாங்கள் எல்லோரும் வைத்திருந்த விடை, கவனக்குறைவு என்பது. பயிற்சி ஆசிரியர்கள் இரண்டிரண்டு பேராகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, திருத்தாமல், "எப்படி யோசித்தாய்?" என்று மட்டும் கேட்டுக் குறித்தார்கள். ஒரு பிள்ளை சொன்னது: "ரெண்டு கேள்வியில ஒண்ணு சரி. அப்புறம் மூணு கேள்வியில ஒண்ணு சரி. மொத்தம் அஞ்சுல ரெண்டு சரி." எவ்வளவு தெளிவான சிந்தனை! தேர்வு மதிப்பெண்ணைக் கூட்ட அதுதான் முறை. அது ஒரே முழுப்பொருளின் பகுதிகளைக் கூட்டும் கணக்குக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். இதைக் கவனக்குறைவு என்று சொல்லிச் சிவப்பு மையில் அடித்தால் அந்தப் பிள்ளை என்ன கற்கும்?

பேராசிரியர் இதைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளைக் கொண்டுவந்தார். நாங்கள் அதைப் பாடமாக மாற்றினோம். விதியைச் சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: 2/5 பெரியதா, 1/2 பெரியதா? எண்கோட்டில் குறித்துப் பார்த்தார்கள். அரையோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைவாக வருமா என்று ஒரு பிள்ளை கேட்டதும் வகுப்பே அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டது. எங்கள் துறையில் இன்றும் அந்தப் பாடம் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. பயிற்சிக்கு வந்தவர்களால் ஒரு பள்ளியின் கற்பித்தல் மாறியது என்பதை நான் பெருமையோடு சொல்வேன். 'அவர்களுக்கு நாம் உதவுகிறோம்' என்று மட்டும் நினைக்கும் பள்ளிகள் இந்தப் பக்கத்தை இழந்துவிடுகின்றன.

பயிற்சி ஆசிரியர்களை ஒரு பள்ளிக்கு ஒருவர் என்று சிதறடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. ஆக்ஸ்ஃபர்டு திட்டத்தில் அவர்களை இருவர் இருவராக ஒரே பாடத் துறையில் வைத்தார்கள். அதன் பலன் உடனே தெரியும். ஒருவர் நடத்தும்போது மற்றவர் பார்க்கிறார். பாடம் கவிழ்ந்த நாளில் வழிகாட்டியிடம் சொல்லத் தயங்குவதை இன்னொரு பயிற்சி ஆசிரியரிடம் சொல்லிவிடலாம். பேராசிரியருக்கும் ஒரே நாளில் பலரைப் பார்க்க முடியும், அலைச்சல் மிச்சம், உட்கார்ந்து பேச நேரமும் கிடைக்கும்.

முழு வகுப்பையும் முதல் வாரமே ஒப்படைக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? வேண்டும், ஏனென்றால் இன்றும் நடக்கிறது. ஐந்து நிமிடத் தொடக்கம், பிறகு ஒரு சிறு குழு, பிறகு வழிகாட்டியோடு சேர்ந்து பாதிப் பாடம், பிறகு முழுப் பாடம் என்று ஏற வேண்டும். முழுப் பாடம் எடுக்கும் நாட்களிலும் வழிகாட்டி அறையை விட்டுப் போகக் கூடாது. பிள்ளைகளின் ஒரு வருடம் திரும்பி வராது. பெற்றோருக்கு இதைப் பற்றிய கவலை நியாயமானது. வழிகாட்டி அறையில் இருக்கிறார், ஒவ்வொரு பாடமும் முன்கூட்டிப் பார்க்கப்படுகிறது என்று அவர்களிடம் சொல்ல முடிய வேண்டும்.

மதிப்பெண் பற்றிச் சுருக்கமாக. உதவி செய்பவரும் தேர்வு நடத்துபவரும் ஒருவரே என்றால், பயிற்சி ஆசிரியர் தன் குழப்பத்தை மறைப்பார். நாங்கள் பயிற்சிக் காலத்தின் முதல் பாதியில் எந்த மதிப்பெண்ணும் கிடையாது என்று வைத்தோம். இரண்டாம் பாதியில் மதிப்பிடும் நாள் எது என்று முன்பே தெரியும். அந்த நாள் தவிர மற்ற எந்த உரையாடலும் மதிப்பீட்டில் சேராது. இதனால் தரம் குறையவில்லை. முன்பைவிட வெளிப்படையாகப் பேசினார்கள்.

பல்கலைக்கழகத்தின் பக்கம் ஒரு பெரிய குறை இருக்கிறது. பள்ளியில் நேரம் செலவிடும் பேராசிரியருக்கு அதனால் பதவி உயர்வு வருவதில்லை. ஆய்வுக் கட்டுரைகளுக்குத்தான் வருகிறது. அமெரிக்காவில் கல்வியியல் கல்லூரி முதல்வர்கள் சேர்ந்து அமைத்த ஹோம்ஸ் குழு 1986-ல் முன்வைத்த யோசனை, மருத்துவக் கல்லூரிக்கு மருத்துவமனை இருப்பது போல ஆசிரியர் கல்விக்கென்று தொழில்முறை வளர்ச்சிப் பள்ளிகள் வேண்டும் என்பது. அருமையான யோசனை. ஆனால் அதில் உழைக்கும் பேராசிரியரின் நேரம் அவருடைய பணியாகவே கணக்கில் வர வேண்டும். ஃபின்லாந்தில் பயிற்சிப் பள்ளிகள் பல்கலைக்கழகங்களின் அங்கமாகவே இருக்கின்றன. அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் வருங்கால ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவதும் இரண்டுமே வேலை. யாரும் கூடுதல் சுமையாக, நல்ல மனதால் மட்டும் செய்ய வேண்டியதில்லை. எல்லா இடத்திலும் தனிப் பள்ளி கட்ட முடியாது, தெரியும். ஆனால் பேராசிரியரின் பணிநேரக் கணக்கில் பள்ளி நாளைச் சேர்ப்பதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

நான் அறிந்த ஒரு கூட்டு முயற்சி, அதை நடத்திய பேராசிரியர் மாறுதலாகிப் போனதும் ஒரே வருடத்தில் மறைந்தது. எல்லாம் அவர் தொலைபேசியிலும் அவர் நினைவிலும் இருந்தது. அதனால் ஒருங்கிணைப்பு எப்போதும் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், பள்ளியில் ஒருவர், பல்கலைக்கழகத்தில் ஒருவர். இருவரிடமும் ஒரே கோப்பு இருக்க வேண்டும்: யார் வழிகாட்டி, என்ன கேள்வியை ஆராய்ந்தார்கள், எந்தப் பாடம் மாறியது.

பயிற்சிக்குப் போகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். உங்கள் பல்கலைக்கழகமும் பள்ளியும் இதில் எதையும் செய்யாமல் இருக்கலாம். அப்போதும் வாரம் ஒருமுறை உங்கள் வழிகாட்டியிடம் போய், அன்று அவர் நன்றாகச் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டு, அந்த நேரத்தில் என்ன கவனித்தார் என்று கேளுங்கள். மறுக்கிறவர்கள் குறைவு. தன் வேலையை ஒருவர் இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பதே பல ஆசிரியர்களுக்குப் புதிதாக இருக்கும்.

பள்ளிகளுக்கும் ஒன்று. பயிற்சி முடியும் வாரத்தில் புகைப்படம் எடுங்கள், நல்லதுதான். அதோடு அவர்களை உட்கார வைத்து, "இங்கே எது உங்களுக்கு விளக்கப்படவே இல்லை?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில்களில் சில: ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் யாரிடம் சொல்வது, பெற்றோரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது, இருபது நிமிடத்தில் நாற்பது நோட்டுகளை எப்படிப் பார்ப்பது. எங்கள் வழிகாட்டிகள் இதையெல்லாம் தினமும் செய்கிறார்கள், ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தப் பட்டியலைத்தான் அடுத்த குழு வருவதற்கு முன் வழிகாட்டிகளின் முதல் கூட்டத்தில் எடுத்து வைக்கிறோம், ஒவ்வொன்றையும் யார், எந்த வாரத்தில் பேசுவது என்று அங்கேயே பிரித்துக்கொள்கிறோம்.